மூடி மேல் ஒரு வட்டம்

சென்ற ஞாயிறு என் மாமனார் அன்ஃபின் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, உள்ளே இருந்த ஒரு சீசாவுக்காகக் கையை நீட்டினார்.

நான் சீசாவைக் கொடுக்கவில்லை.

அந்தச் சீசாவில் இருந்தது உறை. கடையில் பொட்டலமாகக் கிடைப்பதைத்தான் எங்கள் பள்ளத்தாக்கில் ஈஸ்ட் என்பார்கள். வீட்டில் வளர்வது உறை. பீர் காய்ச்சி முடித்ததும் தொட்டியின் அடியில் தங்கும் வண்டலை எடுத்து வைத்திருந்து, அடுத்த முறை அதையே ஊற்றுவார்கள்.

என் மனைவி ஹெர்டிஸ் கடைசியாகக் காய்ச்சியது போன கிறிஸ்துமஸுக்கு. ஏப்ரலில் பாலத்து வளைவில் அவளுடைய கார் வழுக்கி ஆற்றில் விழுந்தது. அவளுடைய கோட்டைக் கொடுத்துவிட்டேன். காலணிகளைக் கொடுத்துவிட்டேன். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

உறை ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். அதற்குமேல் தீனி இல்லாமல் செத்துவிடும். காய்ச்சாமல் விட்டாலும் சாகும், காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சினாலும் சாகும். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஹெர்டிஸ் தீனி போட்டு வளர்த்ததில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"அது எங்க தாத்தா காலத்து உறை, மாப்ளே" என்றார் அன்ஃபின். "எனக்குத் தோள்பட்டை போனப்புறம்தான் மொத்தத்தையும் அவகிட்ட கொடுத்தேன். உன்கிட்ட இல்ல. நீ கடலோரத்து ஆளு. உங்க ஊர்ல பீர் டப்பாலதான் விளையும்."

"நானே காய்ச்சுறேன், மாமா."

"எதை? தண்ணியையா?"

வியாழக்கிழமை காய்ச்சுவதாகச் சொன்னேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

வியாழன் விடிவதற்குள் ரூனா வந்துவிட்டாள். ஹெர்டிஸின் தங்கை. பனிச்சறுக்குப் பலகை பழுதுபார்க்கும் கடையில் வேலை. அன்று லீவு போட்டிருந்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுன்னு இப்பவே சொல்லிடறேன்" என்றாள். "குடிக்கத் தெரியும். முடிஞ்சப்புறம் பாத்திரம் கழுவத் தெரியும். நடுவுல என்ன நடக்கும்னு யாரும் என்னை உள்ள விட்டதில்ல."

"எனக்குக் கழுவவும் தெரியாது."

"அப்ப நான்தான் இங்க பெரிய ஆளு."

தோட்டத்துக் கோடியில் அடுப்பறை. செப்புக் கொப்பரை, அதற்கு இரண்டு பாதியாகச் செய்த மரமூடி, பக்கத்தில் பெரிய மரத்தொட்டி. அடுப்பு மூட்டி, கொப்பரையில் தண்ணீர் நிரப்பி, ஜூனிப்பர் என்ற காட்டுப்புதரின் கிளைகளை உடைத்துப் போட்டோம். சன்னல்கள் வேர்த்தன. காட்டின் வாசனை வந்தது. ஹெர்டிஸின் தலைமுடியில் டிசம்பர் முழுவதும் இருந்த வாசனை. அதைக் கவனித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ரூனா கைப்பேசியில் ஓர் அமெரிக்கர் பீர் காய்ச்சுவதை எனக்குக் காட்டினாள். அவர் எல்லாவற்றிலும் தெர்மாமீட்டரை விட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் பீர் காய்ச்சறாரா, பீருக்குக் காய்ச்சலான்னு பாக்கறாரா?" என்றாள்.

அணைக்கச் சொன்னேன்.

மரத்தொட்டியின் அடியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி, முளைகட்டிய பார்லியை அரைத்த மால்ட்டைக் கொட்டி, கொதித்துக் கொஞ்சம் ஆறிய ஜூனிப்பர் தண்ணீரை ஊற்றிக் கலக்கினோம். கஞ்சி மாதிரி ஆனது. கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு அடிக்குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கிளைகளைக் குழாய்வாயில் வைக்காமல் சுற்றி மட்டும் வைத்திருந்தேன். மால்ட் போய் அடைத்துக்கொண்டது. ரூனா ஒரு குச்சியால் குத்தினாள். பிறகு குழாயில் வாயை வைத்து ஊதினாள். உள்ளே ஏதோ புரண்டது. சாறு வந்தது.

"எங்கப்பா இதைப் பாத்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் தொட்டிக்குள்ள போட்டிருப்பாரு" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

சாறு தேன் நிறத்தில் இருந்தது. தித்தித்தது. அதைக் கொப்பரைக்கு மாற்றி, கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்க விட்டோம். இனி மத்தியானம் வரை கொதிக்க வேண்டும். மூடியில் ஒரு பாதியை மட்டும் கொப்பரைமேல் போட்டேன். அப்படித்தான் ஹெர்டிஸ் போடுவாள். சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்ததில்லை.

உறையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றக் கூடாது, கொஞ்சம் சாறு கொடுத்து, கொப்பரைப் பக்கத்தில் வைத்து மெதுவாக எழுப்ப வேண்டும் என்று அவள் யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக் கேட்டிருந்தேன்.

குளிர்பெட்டியைத் திறந்தேன். சீசாவை எடுத்தேன். பழுப்பாக, குழைத்த சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கியிருந்தது. மூடியைத் தளர்த்தியதும் சின்னதாகப் புஸ் என்றது. உயிர் இருந்தது.

கொஞ்சம் ஆறிய சாறு ஊற்றினேன். எங்கே வைப்பது என்று பார்த்தபோது கொப்பரையின் மரமூடியில் ஒரு வட்டம் தெரிந்தது. கறுப்பாக, சீசாவின் அடிப்பாகம் அளவுக்கு. வருஷாவருஷம் அங்கே வைத்து வைத்துப் பதிந்த தடம் என்று நினைத்தேன். சீசாவை அதன்மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த நாளில் என்னைக் கொஞ்சம் தொட்ட விஷயம் அதுதான். அவள் வைத்த இடத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

சாறு இறங்கிய மால்ட் சக்கையைக் கீழ்ப்பண்ணை ஆடுகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும்போது அன்ஃபின் போனில் கூப்பிட்டார்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"கொதிக்குது."

"என்ன நிறம்?"

"பழுப்பு."

"என்ன பழுப்பு? குதிரைப் பழுப்பா, காப்பிப் பழுப்பா?"

"குதிரை."

"எந்தக் குதிரை?"

இப்படியே போனது. அவருக்குப் போனை வைக்க மனமில்லை. நான் ஆட்டுப்பட்டி வேலியில் சாய்ந்து நின்றேன். அடுப்பறைப் புகைபோக்கியில் புகை திடீரெனக் கனமானதைப் பார்த்தேன். ரூனாவுக்குக் குளிர் எடுத்திருக்கும், பிர்ச் விறகைத் தாராளமாக உள்ளே தள்ளியிருப்பாள்.

நான் திரும்பியபோது கொப்பரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ரூனா கொட்டகைக்கு இன்னும் விறகெடுக்கப் போயிருந்தாள். சீசாவைத் தொட்டேன். பிடிக்க முடியவில்லை. உள்ளே நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ரொட்டி சுட்ட வாசனை வந்தது.

துணியால் பிடித்து எடுத்துச் சன்னல் ஓரத்தில் வைத்தேன். ரூனா வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை எல்லாம் செத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் இல்லையா, விழுக்காடு கணக்குப் போடத் தெரியும்.

மத்தியானம் அடுப்பை அணைத்து, சாற்றைத் தொட்டியில் மாற்றி, சுற்றிலும் பனியை வெட்டிப் போட்டு ஆற வைத்தோம். கறந்த பாலின் சூட்டுக்கு வந்ததும் சீசாவைக் கவிழ்த்தேன்.

"கத்து!" என்றாள் ரூனா.

"என்ன?"

"உறை ஊத்தும்போது கத்தணும். கத்தலைன்னா பீர் சோம்பிப் போயிடும். நிஜமாத்தான். எங்க வீட்டுல அவ்வளவு சத்தமாக் கத்துவாங்க, ஆடெல்லாம் ஓடும்."

"ஓய்" என்றேன்.

"பஸ்ஸை நிறுத்தறியா?"

அவளே கத்தினாள். தலையைத் தொட்டிக்குமேல் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு. கீழ்ப்பண்ணையில் நாய் குரைத்தது. பிறகு அவள் சிரித்தாள். நான் தொட்டியைப் போர்வையால் மூடினேன்.

இந்த ஊர் உறை சோம்பேறி இல்லை. பொழுது சாய்வதற்குள் நுரை தலை தூக்கியிருக்க வேண்டும். ரூனா போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சாறு குட்டைத் தண்ணீர் போல் அசையாமல் இருந்தது. வெளியே இருட்டியது. விளக்கைப் போட்டேன். மறுபடி பார்த்தாள்.

"ஒரு கொப்புளம்கூட இல்ல, வேகார்."

"நான் அதை வேக வெச்சுட்டேன்" என்றேன்.

"எதை?"

"உறையை. மூடி மேல வெச்சிருந்தேன். தீ அதிகமாயிடுச்சு. எடுக்கும்போதே தெரிஞ்சுது. சொல்லல."

ரூனா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த மரமூடியைப் பார்த்தாள்.

"வட்டத்துலயா வெச்ச? ஆவியில எனக்குக் கண்ணுல படல."

"ஆமா. அவ எப்பவும் வைக்கிற இடம்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழவும் செய்தாள்.

"ஒரே ஒரு தடவைதான் வெச்சா" என்றாள். "உங்க கல்யாணத்துக்கு அப்புறம் மொதல் கிறிஸ்துமஸ். நீ ஆபீஸ் வேலையா ஆஸ்லோ போயிருந்த. உள்ளே பொங்கி வழிஞ்சு மூடியில சுட்டு ஒட்டிக்கிச்சு. கழுவ என்னைக் கூப்பிட்டா. நான் கத்தி வெச்சுச் சுரண்டினேன். அந்த வட்டம் மட்டும் போகவே இல்ல."

"அப்ப உறை?"

"வெந்துடுச்சு. மொத்தமும். தாத்தா காலத்து உறை அன்னிக்கே போயிடுச்சு."

"இந்தச் சீசால இருந்தது யாரோடது?"

ரூனா மூக்கைத் துடைத்தாள். "போர்கில்ட் வீட்டுது. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

போர்கில்ட் மேட்டுப் பண்ணைக்காரி. ஒன்பது வருஷமாக அவரும் என் மாமனாரும் பேசுவதில்லை. காரணம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். போர்கில்ட்டின் கணவர் இறந்தபோது, சாவு விருந்தில் அன்ஃபின் அவர் காய்ச்சிய பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி "புளிச்சிருக்கு" என்றார்.

நான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

ஹெர்டிஸ் இதே அடுப்பறையில், இதே மாதிரி சுடுகிற சீசாவைத் துணியால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஆஸ்லோவிலிருந்து திரும்பிய அன்று என்னிடம் பீரைக் கொடுத்து, எப்படி இருக்கு என்று கேட்டாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள். அதன்பின் வருஷாவருஷம் தலையாட்டினாள். அப்பாவிடம் மறைத்தது புரிகிறது. என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

எனக்குக் கோபம் வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவள்மேல் கோபம் வந்தது அதுதான் முதல் முறை. சண்டை போடத் தயாராக ஒரு வாக்கியம்கூட நாக்கில் வந்தது. செத்தவர்களிடம் யாரும் கோபப்படுவதில்லை. அந்த ஒரு நிமிஷம் அவள் சாகவில்லை.

"கிளம்பு" என்றேன் ரூனாவிடம். "போர்கில்ட் சாப்பிட உட்கார்றதுக்குள்ள போகணும்."

போர்கில்ட் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார். என் கையிலிருந்த காலிச் சீசாவைப் பார்த்தார்.

"உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க, குளிர் வருது."

அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சீசாவை வாங்கிக் கொதிநீரில் அலசினார்.

"மூடி மேல வெச்சியா?"

ரூனா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா" என்றேன்.

"உங்க வீட்டு மூடி பொல்லாத மூடி. அதை வெறகாக்கிடு." குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஜாடியை எடுத்து வந்தார். "முந்தாநாள்தான் காய்ச்சினேன். நல்லாத் துடிப்பா இருக்கு. போன ஜனவரியில வந்திருந்தா உனக்குக் கொடுக்க ஒண்ணும் இருந்திருக்காது."

"ஏன்?"

"என்னோடது கெட்டுப்போச்சு. ஜாடி மூடி சரியில்ல, பூஞ்சை பிடிச்சுது. கொட்டிட்டேன். ஹெர்டிஸ்தான் கொண்டாந்து கொடுத்தா. கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சினதுல பாதி." ஜாடியைச் சாய்த்து மெதுவாக ஊற்றத் தொடங்கினார். "அதனால இது அவளோடதுதான். எங்கிட்ட தீனி தின்னுட்டு இருந்துது, அவ்வளவுதான்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் ஜாடியின் வாயிலிருந்து வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டியாக, அவசரமே இல்லாமல் வழிந்தது. சீசா பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள் ரூனா. "உங்க வீட்டுக்கு எங்கிருந்து வந்துது?"

"என் மாமியார் எங்கேயோ வாங்கினாங்க. எந்த வீட்டுலன்னு சொல்ல மாட்டாங்க. இங்க எவதான் சொல்லுவா, கெட்டுப்போச்சுன்னு?"

சீசாவை மூடி என் கையில் கொடுத்தார். உடனே விடவில்லை.

"உறை கொடுத்த வீட்டை மொதல் ருசிக்குக் கூப்பிடணும். அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஹெர்டிஸ் கூப்பிட்டதில்ல. ஒரு குடுவையில ஊத்தி என் பின்வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவா. நான் தப்பா நெனைக்கல. அவளுக்கு அவ அப்பன். நீயும் அப்படியே வெச்சுடு. எனக்குப் பழக்கம்தான்."

வண்டி வரைக்கும் நடந்துவிட்டேன். ரூனா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"சனிக்கிழமை வாங்க" என்றேன். "முன்வாசல் வழியா."

போர்கில்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சரி" என்று கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றாள் ரூனா, மலைச்சரிவில் வண்டியை இறக்கிக்கொண்டே. "எங்கக்கா சாகற வரைக்கும் காப்பாத்தின ரகசியம். நீ ஒரு நாள்கூட வெச்சுக்கல."

"அவ தனியா வெச்சிருந்தா."

"அதுக்கு?"

சீசாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாலத்து வளைவு வந்தது. ரூனா வேகத்தைக் குறைத்தாள்.

சாற்றின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஊற்றினேன். இந்த முறை நேரமாகவில்லை. நாங்கள் ரொட்டி சாப்பிட்டு முடிப்பதற்குள் போர்வைக்கு அடியில் சரசரவென்று சத்தம் கேட்டது. தூக்கிப் பார்த்தோம். வெள்ளை நுரை விளிம்பைத் தொட்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் முற்றத்தில் அன்ஃபினின் வண்டி வந்து நின்றது.

அவர் வணக்கம் சொல்லவில்லை. காலணிப் பனியைத் தட்டவில்லை. நேராகத் தொட்டியிடம் போனார். தோள்பட்டை நன்றாக இருந்த கையால் போர்வையைத் தூக்கி, குனிந்து, மூக்கை நுரைக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஆரஞ்சுத் தோல் வாசனை" என்றார். "வருதா? இந்தப் பள்ளத்தாக்குல வேற ஒரு வீட்டுக்கு இது கிடையாது. எங்க தாத்தாவோடது. எங்க கலந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

ரூனாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கப் போனாள்.

"நான் உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன், மாப்ளே. நீ இதைச் சாகடிச்சுடுவேன்னு நெனச்சேன்." பக்கத்து மணையில் உட்கார்ந்தார். "அவளோடதுதானே இது?"

"ஆமா, மாமா. அவளோடதுதான்."

பொய் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஹெர்டிஸ் அங்கேதான் நிறுத்தியிருப்பாள். அவர் முகத்தில் ஏப்ரலுக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. அதைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் சனிக்கிழமை மேட்டுப் பண்ணையிலிருந்து ஒரு பெண்மணி நல்ல உடை உடுத்தி, முன்வாசல் வழியாக வரப்போகிறார். அவர் வந்து நிற்கும்போது இவர் முதல் முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

"மொதல் ருசிக்கு யாரெல்லாம் வர்றாங்க?" என்று அவரே கேட்டார்.

"நீங்க. ரூனா. கீழ்ப்பண்ணைக்காரங்க." மூச்சை இழுத்துக்கொண்டேன். "போர்கில்ட்."

"யாரு?"

"போர்கில்ட். நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டிய முறை இருந்துது."

ரூனா கையில் தண்ணீர்க் கோப்பையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

முறை என்றால் இங்கே ஒரே ஒரு முறைதான். அதை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். தன் மகளைப் பார்த்தார். ரூனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் எழுந்து மறுபடி போர்வையைத் தூக்கினார். மறுபடி குனிந்தார். இந்த முறை வெகுநேரம் மூச்சை உள்ளே இழுத்தார். நுரை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

போர்வையை இறக்கினார். ஓரத்தைத் தொட்டிக்கு அடியில் செருகிச் சரிசெய்தார். குளிர் படாமல் இருக்க.

தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வர்றா?"

சொன்னேன்.

கதவு மூடியது. அவருடைய வண்டி கிளம்புகிற சத்தத்துக்காக நானும் ரூனாவும் காத்து நின்றோம். வெகுநேரம் வரவில்லை.